இரண்டு டிஸ்க்கில் ஒரு நிக்காஹ்

மகனே, உனக்கு என் ஸலாம். நலமா என்று கேட்கப் போவதில்லை. பினாங்கிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் "எல்லாம் ஓகே உம்மா" என்கிறாய். நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் படுத்துக்கொள்வதற்கு ஒரு நிமிஷம் முன்பு வரை எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. உன் நலத்தை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். நான் என் கோபத்தை எழுதுகிறேன். உறையில் போட்டு அனுப்பினால் பாதி படித்துவிட்டு மேசை மேல் போட்டுவிடுவாய். அதனால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் தாய்மார்கள் எழுதுகிற பக்கத்துக்கே இதை அனுப்புகிறேன். பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸில் கலியாண வீடியோ எடுக்கிற முஸ்லிம் குடும்பம் எத்தனை இருக்கிறது? தெருவில் எல்லாருக்கும் தெரிந்துபோகும். தெரியட்டும். உன் ராத்தாவின், என் மூத்த மகளின், நிக்காஹ் படம் நம் வீட்டில் பட்ட பாடு நாலு பேருக்குத் தெரிந்தால்தான் உங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கும்.

படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் வாப்பா கலியாணம் எடுப்பவர். கிள்ளான் கோயில் கலியாணம், பந்திங் மண்டபக் கலியாணம், மஸ்ஜித் இந்தியா வியாபாரிகள் வீட்டு நிக்காஹ், யார் கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, பெயர் போட்டு, பார்க்கும்படி ஆக்குவது நான். நீ ஃபார்ம் ஃபைவ் முடிக்கும்வரை இரண்டு வீடியோ பிளேயரை வைத்துக்கொண்டு, ஒன்றை ஓடவிட்டு இன்னொன்றில் பிடித்து, விரலெல்லாம் தேய்ந்துபோய் அந்த வேலையைச் செய்தேன். அப்புறம்தான் நீ கம்ப்யூட்டர் கட்டினாய். இம்பி பக்கம் கம்ப்யூட்டர் கடை கடையாக ஏறி ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து, ஹாலில் பாயை விரித்து, அதன் மேல் பரப்பிவைத்துக் கட்டினாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகவே அந்த எந்திரத்தின் மேல் எனக்கு இன்னும் முழுசாக வெறுப்பு வரவில்லை.

ஆனால் கட்டினதோடு விட்டாயா? வாங்கின செயலியின் மேல் எந்த வேகம் எழுதியிருந்ததோ, அதைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டாய். "எல்லாரும் இப்பிடித்தான் ஓட்டுறாங்க உம்மா, காசு குடுக்காம கெடைக்கிற ஸ்பீடு, வேணாம்னா சொல்றீங்க?" என்றாய். வீடியோவை ஏற்றும்போது ஒரு டிஸ்க்கின் வேகம் போதவில்லை, படம் துள்ளுகிறது என்று இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தாய். ஒரு கார்டைச் செருகி இரண்டையும் ஒன்றாக்கினாய். எப்படி ஒன்றாக்கினாய் என்பதை எங்களுக்கு நீ ஒழுங்காகச் சொல்லவில்லை. பின்னால்தான் தெரிந்தது, படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரு துண்டை இதிலும் அடுத்த துண்டை அதிலும் மாற்றி மாற்றி எழுதுமாம். அதனால்தான் வேகமாம். ஒன்று போனால் இன்னொன்றில் இருப்பது வெறும் குப்பை. உன் வாப்பா பாவம், இரண்டு டிஸ்க் இருக்கிறதென்றால் இரண்டு பிரதி இருக்கிறதென்று நினைத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்? மனுஷர்கள் இரண்டாவது ஒன்று வாங்குவதே முதலாவது கெட்டுப்போனால் உதவும் என்றுதான். இரண்டில் எது கெட்டாலும் இரண்டும் போகட்டும் என்று ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்கினவன் என்று என் வாழ்நாளில் உன்னைத்தான் பார்த்தேன்.

அந்த நிலையில்தான் உன் ராத்தாவுக்குக் கிள்ளானில் நிக்காஹ் நடந்தது. ஊர் கலியாணத்தையெல்லாம் எடுத்த மனுஷர் அன்றைக்கு மட்டும் எடுக்க முடியாது. பெண்ணின் வாப்பா அவர். மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, நிக்காஹ் வார்த்தை சொல்லிப் பெண்ணைக் கொடுக்கவேண்டியவர். வேறு ஆளை வைக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. கேமராவை உன்னிடம் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா கொடுத்தாரா, "ஆட்டாத, ஜூம் பண்ணி ஜூம் பண்ணி வெளையாடாத, மாப்பிள்ளை பதில் சொல்றப்ப அவர் மொகம் வேணும்" என்று பந்தி நடக்கும்வரை பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். நீயும் எடுத்தாய். மறுவாரம் நான் கிள்ளானில் சம்பந்தி வீட்டு விருந்துகளுக்கு அலைந்துகொண்டிருந்தபோது, டேப்பை நீயே கம்ப்யூட்டரில் ஏற்றினாய். நான் அந்தப் படத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ரிங்கிட் விழுந்து டேப் விலை ஏறினதிலிருந்து வந்த வழக்கம். "ஏத்தியாச்சா?" என்று வாப்பா கேட்பார். "ஏத்தியாச்சு" என்று நாம் சொன்னால் அந்த டேப் அடுத்த கலியாணத்துக்குப் போய்விடும். அன்றைக்கும் கேட்டார். நீ ஏதோ திருகிக்கொண்டே "ஏத்தியாச்சு வாப்பா" என்றாய். அவர் எடுத்துக்கொண்டு பந்திங் போனார். உன் ராத்தாவின் நிக்காஹ் இருந்த டேப்பில் இப்போது பந்திங்கில் யாரோ இரண்டு பேர் மாலை மாற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் நல்லா இருக்கட்டும், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்றிலிருந்து நிக்காஹ் இருக்கிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். உன் இரண்டு டிஸ்க். இதில் ஒரு துண்டு, அதில் ஒரு துண்டு.

இது தெரியாமலே அடுத்த சண்டை ஆரம்பமானது. கம்ப்யூட்டர் நடுநடுவே அப்படியே உறைந்து நின்றது. நான் ஒரு செட்டியார் வீட்டுக் கலியாணத்துக்குப் பெயர் போட்டுக்கொண்டிருப்பேன், மவுஸ் நகராது, ஒன்றும் நகராது, அணைத்து அணைத்துப் போடவேண்டும். சேமிக்காத வேலை போச்சு. உன் வாப்பா சொன்னார்: "வாங்குனப்ப என்ன ஸ்பீடோ அதுல வையி, போதும்." நீ சொன்னாய்: "அதுல வச்சா மாட்டு வண்டி மாதிரி போவும், அதுக்கு நான் எதுக்கு இவ்ளோ கஷ்டப்பட்டேன்?" ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. மீன் குழம்பு ஆறிப்போகும். இரண்டு பேருக்கும் ஆறாது.

இங்கேதான் நான் நுழைந்தேன். இதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை, ஆனால் நடந்ததை மறைக்கவும் மாட்டேன். நான் துணிக்கடைக்காரர் மகள். மஸ்ஜித் இந்தியாவில் என் வாப்பா கடையில் வளர்ந்தவள். கடைக்காரர் ஒரு விலை சொல்வார், வந்த அக்கா ஒரு விலை கேட்பார், இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அக்கா படி இறங்கி ரெண்டு எட்டு வைப்பார், கடைசியில் நடுவில் ஒரு விலைக்குப் புடவையை மடித்துக் கொடுப்பார்கள். இரண்டு பேருக்கும் தான் ஜெயித்த மாதிரி இருக்கும். கலியாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டையும் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். நீ ஃபார்ம் சிக்ஸ் படிக்கவேண்டும் என்று அவர், வேலைக்குப் போகிறேன் என்று நீ; நடுவில் டிப்ளோமா. கலியாணத்தைப் பெரிய ஹோட்டலில் வைக்கவேண்டும் என்று சம்பந்தி, வீட்டில் போதும் என்று நாம். நடுவில் கிள்ளான் மண்டபம். எல்லாம் நடுவில் வைத்துத்தான் நாம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். அதே மாதிரி சொன்னேன்: "அவர் சொல்றதும் வேணாம், நீ சொல்றதும் வேணாம். நடுவுல ஒரு ஸ்பீடு இருக்குல்ல, அதுல வையி."

நீயும் முணுமுணுத்துக்கொண்டே மூடியைக் கழற்றி, உள்ளே போர்டில் வேகத்தை மாற்றுகிற அரிசி அளவு பிளாஸ்டிக் தொப்பியை ஒரு ஊசியிலிருந்து கழற்றி இன்னொரு ஊசியில் மாட்டினாய். வாப்பா பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வீட்டில் சமாதானம் வந்துவிட்டதென்று தேநீர் போட்டேன். கம்ப்யூட்டர் உறைவது நின்றது. அந்த வாரமே டிஸ்க் விழ ஆரம்பித்தது.

டிஸ்க் விழுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தூக்கத்திலும் சொல்வேன். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு டிஸ்க்கின் பெயரும் வரவேண்டும். ஒரு நாள் ஒன்றுதான் வரும். இன்னொரு நாள் இரண்டும் வரும், ஆனால் சேர்ந்து வராது. இன்னொரு நாள் எல்லாம் வந்து, பாதி வேலையில் "படிக்க முடியவில்லை" என்று நிற்கும். அணைத்து, ஆறவிட்டுப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி நல்ல பிள்ளையாக எழுந்திருக்கும். சரியாகக் கெட்டுப்போன பொருளோடு வாழ்ந்துவிடலாம். கெட்டதா இல்லையா என்று தினம் தினம் யோசிக்கவைக்கிற பொருளோடு வாழவே முடியாது.

நீ செய்த வைத்தியம் ஒன்றா இரண்டா? முதலில் கரண்ட் என்றாய். பிரிட்ஜும் கிரைண்டரும் ஒரே லைனில் இருப்பதால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இறங்குகிறதாம். கம்ப்யூட்டர் ஓடும்போது நான் மாவு ஆட்டக்கூடாது, மசாலா அரைக்கக்கூடாது. ஒரு மாதம் இந்த வீட்டில் கடை மாவில்தான் தோசை. அப்புறம் சூடு என்றாய். மூடியைக் கழற்றிப் போட்டு ஹால் காற்றாடியைக் கொண்டுபோய் அதற்கு நேராக வைத்தாய். உன் வாப்பா பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் வயர் என்றாய். இம்பிக்குப் போய்ச் சின்ன வயர் வாங்கி வந்தாய். அது சரியில்லை என்று இன்னொன்று. அப்புறம் நம் தெருவுக்குப் பின்னால் புது ஸ்டேஷனுக்கு அஸ்திவாரத் தூண் இறக்கப் பைல் அடிக்கிற அதிர்வு என்றாய். நான் பாத்திரம் கழுவ வைத்திருந்த ஸ்பாஞ்சையெல்லாம் எடுத்து டிஸ்க்குக்கு அடியில் மெத்தை போட்டாய். பைல் அடிப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை லீவு. டிஸ்க்குக்கு லீவு இல்லை, அன்றைக்கும் விழுந்தது.

ஒரே நாளில் வயரையும் மாற்றுவாய், காற்றாடியையும் திருப்புவாய், பிளக்கையும் வேறு இடத்தில் குத்துவாய். அன்றைக்கு நன்றாக ஓடினால் எதனால் ஓடியது என்று உனக்கே தெரியாது. குழம்பில் உப்பு, புளி, காரம் மூன்றையும் ஒரே நேரத்தில் கூட்டிவிட்டு எது தப்பு என்று கேட்கிற கதை. நீ எங்கே வேலை செய்தாலும் சரி, யாரைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தினாலும் சரி, இதை மட்டும் கேட்டுக்கொள்: கெட்டுப்போனதைச் சரிபார்க்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார். உனக்குப் பொறுமை இல்லை, அதுதான் உன் வியாதி. உன் வாப்பாவுக்கு வேறு வியாதி. தனக்கு விளங்காததெல்லாம் உன் குற்றம் என்று நினைத்துவிடுவார்.

இதற்கிடையில் உன் ராத்தா. வாரம் தவறாமல் கிள்ளானிலிருந்து போன். "உம்மா, என் கேசட் எப்ப வரும்? மாமி கேக்குறாங்க." நானும் "எடிட்டிங் நடக்குது கண்ணு" என்பேன். இந்தப் பொய்யைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. ஊரார் வீட்டுக் கலியாணத்தையெல்லாம் சொன்ன தேதிக்குக் கொடுத்தவள், பெற்ற பெண்ணின் நிக்காஹைக் கொடுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வாப்பாதான் சொன்னார், "அதுல வரலைன்னா விடு, டேப்ல இருந்து மறுபடி ஏத்துவோம்" என்று. பந்திங்குக்கு எந்த டேப்பை எடுத்துப் போனோம் என்று அவருக்கு ஞாபகமில்லை. எழுந்துபோய் டேப் பெட்டியைத் தேடினார். போட்டுப் பார்த்தால் பந்திங் கலியாணம் வந்தது. உன்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு டிஸ்க்லயும் இருக்குன்னுதானடா எடுத்துட்டுப் போனேன்!"

"ரெண்டுலயும் இல்ல வாப்பா, ரெண்டும் சேந்துதான் ஒண்ணு! யார் உங்கள அழிக்கச் சொன்னா?"

"யார் உன்ன ஸ்பீடு வைக்கச் சொன்னா?"

அதற்குமேல் நடந்ததை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுத முடியாது. நீ கதவைச் சாத்திக்கொண்டு போனாய். அவர் தொழப் போனார். வந்தபிறகும் இரண்டு பேரும் பேசவில்லை. "சாப்பிட வரச் சொல்லு", "அந்தச் சாவி எங்கன்னு கேளு" என்று எல்லாம் என் வழியாகத்தான். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரி.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை காலை. பாசாருக்குப் போய்விட்டு வந்தேன். நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். "உம்மா, இது சரிப்படாது, புதுசா செட் பண்ணிரலாம்" என்றாய். புதுசா என்றால்? "ரெண்டு டிஸ்க்கையும் அழிச்சுட்டு மறுபடி சேக்கணும். வேற வழி இல்ல லா." உன் விரல் விசையின் மேல் இருந்தது. கையிலிருந்த காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு நேராகச் சுவருக்குப் போய் பிளக்கைப் பிடுங்கினேன். தக்காளி உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. "உம்மா! ஓடிக்கிட்டிருக்கிறப்ப பிடுங்கினா டிஸ்க் போயிரும்!" என்று கத்தினாய். நீயே அழிக்கப்போகிற டிஸ்க் போனால் உனக்கென்ன? உனக்கு அது எந்திரக் கோளாறு. எனக்கு அதில் என் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

தக்காளியைப் பொறுக்கும்போதுதான் எனக்குத் தோன்றியது. சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "தம்பி, முழு ஸ்பீட்ல இருந்தப்ப இது ஹேங் ஆச்சு, ஆனா ஒரு நாளாச்சும் டிஸ்க் விழுந்துச்சா? நடுவுல வச்ச வாரத்துலேருந்துதானே விழுது? அத மாத்திப் பாரேன்." நீ சிரித்தாய். "உம்மா, ஸ்பீடு கொறச்சா எப்பிடி கெட்டுப் போவும்? லாஜிக்கே இல்ல லா." நீ சிரித்தது போகட்டும். அரை நிமிஷம் யோசித்துவிட்டுச் சிரித்திருக்கலாம். அந்த வாரமே பினாங்கில் வேலை கிடைத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாய். வாப்பா கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். உன் பஸ் கிளம்பும் நேரம் அவருக்கு நன்றாகத் தெரியும். போகும்போது நீ என்னிடம், "பெருநாளைக்கு வந்து செட் பண்றேன், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க" என்றாய். நான் கம்ப்யூட்டரின் மேல் துணியைப் போட்டு மூடினேன். மறுபடியும் இரண்டு வீடியோ பிளேயர், மறுபடியும் என் விரல்.

பெருநாளைக்கு நீ வரவில்லை. ஓவர்டைம் என்றாய். சரி. நெய்ச்சோறு ஆக்கினேன், உன் தட்டை அலமாரியிலேயே விட்டேன். அது கழிந்து போனில் பேசும்போது, மழை பெய்கிறதா என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாய்: "உம்மா, ஒரு விஷயம். இங்க ஃபேக்டரில ஒருத்தன் சொன்னான். அந்த நடு ஸ்பீட்லதான் பிரச்சனையாம். பழைய ஸ்பீட்லயும் ஃபுல் ஸ்பீட்லயும் டிஸ்க்குக்குப் போற ரூட்ட போர்டே நார்மலா வச்சிக்குமாம். நடுவுல வச்சா அதுக்கு சரியா பிரிக்கத் தெரியாது, டிஸ்க் ரூட்டும் ஓவர்ஸ்பீடு ஆயிருமாம். ஃபன்னி இல்ல?"

ஃபன்னி! ஃபேக்டரியில் ஒருத்தன் சொன்னானாம்! தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே உன்னைப் பெற்றவள் சொன்னபோது அது லாஜிக் இல்லை. கோபம் உன் மேல் மட்டும் இல்லை. நடுவில் வை என்றது நான். செயலியின் வேகம் குறைந்தது, உறைவது நின்றது, நான் தேநீர் போட்டேன். டிஸ்க்குக்குப் போகிற வழியில் மட்டும் யாருக்கும் தெரியாமல் வேகம் கூடிவிட்டது. பேரம் பேசி நடுவில் வைக்கிறதுக்கு அது புடவையா என்ன?

நீ அடுத்து எப்போது வருவாய் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றாய். உன் பார்க்கலாமை நம்பி உட்கார எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. போன வாரம் ஒரு மத்தியானம், வாப்பா கிள்ளானுக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். லுஹர் தொழுதுவிட்டு, துணியை எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். நீ அந்தத் தொப்பியை மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் தேநீரோடு நின்றவள் நான்தானே. எந்த ஊசிக்கு எந்த வேகம் என்று போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாமணத்தால் தொப்பியைக் கழற்றி, வாங்கினபோது இருந்த இடத்திலேயே மாட்டினேன். உன் வாப்பா முதல் நாளிலிருந்து சொன்ன அதே இடம். வேறு எதையும் தொடவில்லை. ஸ்பாஞ்ச் அப்படியே, வயர் அப்படியே. பிஸ்மில்லா சொல்லி ஆன் செய்தேன். கிரைண்டரையும் பிரிட்ஜையும் மட்டும் அணைத்துவிட்டேன். நம்பிக்கை இல்லைதான், ஆனால் அந்த நேரத்தில் யார் விஷப்பரீட்சை செய்வது?

கறுப்புத் திரையில் ஒரு டிஸ்க்கின் பெயர் வந்தது. அப்புறம் இரண்டாவது. அப்புறம் இரண்டும் சேர்ந்து ஒன்றாக. எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போல் இருந்தது, ஆனால் அழுவதற்கு நேரமில்லை. உடனே வீடியோ பிளேயரை மாட்டி, புது கேசட், விலை கொடுத்து வாங்கின புது கேசட்டைப் போட்டு, படத்தை ஓடவிட்டுப் பிடித்தேன். மாட்டு வண்டி வேகம்தான். படம் அங்கங்கே துள்ளியது. நீ டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று நடு வேகத்திலேயே ஏதோ புரோகிராமை ஓடவிட்டாயே, அதில் அடிபட்ட இடங்களும் இருக்கின்றன. மாப்பிள்ளை கொடுக்கிற மஹரைச் சொல்கிற இடத்தில் எல்லார் முகமும் கட்டம் கட்டமாகப் பச்சை நிறத்தில் போய்விட்டது. போகட்டும். மூச்சுவிடக்கூட பயந்துகொண்டு, படம் முடியும்வரை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். அப்படித்தான் முதல் தடவையாக உன் ராத்தாவின் நிக்காஹைப் பார்த்தேன்.

நீ என்ன எடுத்திருக்கிறாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடிக்கிறார். மைக்கை யாரோ நீட்டுகிறார்கள். அவர் வார்த்தையைத் தொடங்குகிறார், மகளின் பெயர் வருகிற இடத்தில் நின்றுவிடுகிறார். நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் மெதுவாக எடுத்துக்கொடுக்கிறார். மறுபடி சொல்கிறார், மறுபடி அதே இடத்தில் நிற்கிறார். அப்போது கேமரா மெல்ல அவர் முகத்துக்குப் போகிறது. ஜூம் பண்ணாதே என்று அவர் அத்தனை தடவை சொல்லியும் போகிறது. போய் அங்கேயே நின்றுவிடுகிறது. மாப்பிள்ளை பதில் சொல்கிற குரல் கேட்கிறது, மாப்பிள்ளை படத்தில் இல்லை. எல்லாரும் கையேந்தி துஆ கேட்கிறார்கள், அவர்களும் இல்லை. உன் வாப்பாவின் முகம் மட்டும்தான். படம் ஆடுகிறது. கேமராவுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மைக்கில் விழுந்திருக்கிறது. அது யார் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஜலதோஷம் பிடித்தபோதெல்லாம் ராத்திரி முழுக்கக் கேட்ட சத்தம்.

எத்தனையோ கலியாணத்தில் எத்தனையோ வாப்பாக்களை உன் வாப்பா எடுத்திருக்கிறார். அவரை எடுத்த படம் நம் வீட்டில் இது ஒன்றுதான். எடிட் பண்ணுகிறவளாகச் சொன்னால் நீ செய்தது பெரிய தப்பு. மாப்பிள்ளை முகம் எங்கே என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். அதில் ஒரு இடத்தைக்கூட நான் வெட்டமாட்டேன்.

கேசட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உன் ராத்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன். போனிலேயே அழுதாள். அப்புறம், "எனக்கு அவசரமில்ல உம்மா, முதல்ல அவங்க ரெண்டு பேரும் பாக்கட்டும்" என்றாள். உன் வாப்பாவுக்கு இன்னும் தெரியாது. அவரும் ஞாயிற்றுக்கிழமை காலை தேநீர்க் கடையில் உட்கார்ந்து இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். நீ போன வாரம் என்னிடம் என்ன சொன்னாய்? "வாப்பாட்ட நீங்களே சொல்லிருங்க, ஸ்பீடு விஷயத்துல நான் கேட்டிருக்கணும்னு." அதற்கு முந்தின வாரம் அவர் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அவன் போன் பண்ணா சொல்லு, டேப்ப நான் பாக்காம எடுத்தது என் தப்புதான்னு." இரண்டையும் நான் யாரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நடுவில் நின்று நின்று எனக்கு அலுத்துவிட்டது மகனே. இப்போது பத்திரிகையில் போட்டுவிட்டேன், உங்கள் உங்கள் வார்த்தையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் நடுவில் வைக்கிற வேலை இந்த வீட்டில் இல்லை. லீவு போடு, பஸ் ஏறு, வா. சோபாவில் அவர் பக்கத்தில் போய் உட்கார். அவர் தள்ளி உட்கார்ந்தால் நீ நெருங்கி உட்கார். நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் கேசட்டைப் போடுவேன். உங்களுக்கு இடையில் எனக்கு இடம் விட்டீர்களானால், போடமாட்டேன்.

உன் உம்மா